கோடவுனுக்குள் ஒரு மொழி

போடிநாயக்கனூருக்கு ரயிலில் போய் இறங்கினேன். இதில் என்ன விசேஷம் என்று கேட்காதீர்கள். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தியவர்கள், அகலப்பாதை போட்டு மறுபடி போடிக்கு ரயில் விட்டது 2023 ஜூனில். பன்னிரண்டரை வருஷம்! இந்த ரயில் சமாசாரம் நமக்குப் பின்னால் தேவைப்படும். கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போடியில் என் நண்பனின் சித்தப்பா ஏலக்காய் வியாபாரி. நண்பனுக்குச் சித்தப்பா என்றால் எனக்கும் சித்தப்பாதான். அவருடைய கோடவுனுக்குள் நுழைந்தாலே மூக்குக்குக் கல்யாண வீடு. தரையில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெடித்தது ஒரு பக்கம், நிறம் வெளுத்தது ஒரு பக்கம், பச்சை மாறாத முழுக்காய் ஒரு பக்கம். மூலையில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர். அதில் டேலி.

"கம்ப்யூட்டர் பத்தியெல்லாம் பத்திரிகையில எழுதுறியாமே, இதைக் கொஞ்சம் பாரு" என்றார் சித்தப்பா.

பார்த்தேன். சாதாரண டேலி இல்லை. ஏலத்தில் எடுத்த லாட் நம்பர், எந்த ஏலக் கம்பெனி, எத்தனை மூட்டை, சாம்பிளுக்குக் கழித்தது எவ்வளவு, என்ன ரேட் என்று எல்லாம் ஒரே திரையில் வருகிற மாதிரி யாரோ அழகாகச் செய்து கொடுத்திருந்தார்கள்.

"இதுல ஒரே ஒரு காலம் சேர்க்கணும்ப்பா. சலிச்சு, பொறுக்கி, தரம் பிரிச்ச பிறகு கழிவு எவ்வளவு போச்சுன்னு லாட் வாரியாக் காட்டணும். அவ்வளவுதான்."

"எழுதிக் கொடுத்தது யாரு?"

"தேனிப் பையன். தங்கமான பையன். இப்ப துபாய்ல இருக்கான். மூணு வருஷமாச்சு. போன் போட்டா, பாத்துச் சொல்றேண்ணேங்கிறான்."

"சோர்ஸ் கோடு குடுத்துட்டுப் போனானா?"

"எந்தக் கோட்டைப்பா சொல்றே?"

இந்தக் கட்டுரை அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

*

சித்தப்பாவின் லாட் திரை எழுதப்பட்டிருக்கும் மொழிக்கு டிடிஎல் என்று பெயர். டேலி டெஃபனிஷன் லாங்வேஜ். உங்களில் பாதிப் பேர் டேலியைத் தொட்டிருப்பீர்கள். மீதிப் பாதி, டேலி போட்டுக் கொடுத்த பில்லையாவது தொட்டிருப்பீர்கள். ஆனால் டிடிஎல் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்றால் அறை முழுக்க மின்விசிறி மட்டும்தான் அசையும்.

டேலியின் திரைகளும் ரிப்போர்ட்டுகளும் இந்த மொழியால் கட்டப்பட்டவை. வெளியாட்கள் அதே மொழியில் நாலு வரி எழுதி, டேலிக்குள் தங்களுக்கு வேண்டியதைச் செருகிக்கொள்ளலாம். டேலியை விட்டு வெளியே வந்தால் இந்த மொழிக்கு ஒரு வேலையும் கிடையாது. இப்படி ஒரே ஓர் இடத்தில் மட்டும் புழங்குகிற மொழிகளைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பார்கள். "இதெல்லாம் ஒரு லாங்வேஜா சார்?" என்று ஓர் இளைஞர் என்னிடமே கேட்டார். கேட்டவர் எழுதும் மொழியைவிட இது எத்தனை கடைகளில் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பேச்சை மாற்றினார்.

மொழியாக எப்படி? மோசமில்லை. டிடிஎல்லில் எல்லாம் பெட்டிக்குள் பெட்டி. ரிப்போர்ட்டுக்குள் ஃபார்ம், ஃபார்முக்குள் பார்ட், பார்ட்டுக்குள் லைன், லைனுக்குள் ஃபீல்டு. எஸ்டேட்டுக்குள் ஸ்டோர், ஸ்டோருக்குள் மூட்டை, மூட்டைக்குள் காய் என்று புரிந்துகொண்டால் போதும். இன்னொரு விசேஷம், அது வேலையைச் சொல்கிற மொழி இல்லை. வேண்டியதைச் சொல்கிற மொழி. நீங்கள் புது ஆளிடம் வேலை வாங்கினால், "அந்தச் சல்லடையை எடு, மூட்டையைப் பிரி, ஒரு படி கொட்டு, ஆட்டு" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பழகிய அக்காவிடம் "8 மில்லிமீட்டருக்கு மேல உள்ள காய் தனியா வேணும்" என்றால் முடிந்தது. டிடிஎல் அந்த அக்கா. படிப்படியாக வேலை சொல்லும் வசதி அதற்குள் விரிவாக வந்தது 2009-ல், டேலி ஈஆர்பி 9 வந்த சமயத்தில்தான்.

குறை? இருக்கிறது. அக்காவுக்குத் தெரிந்த வேலையைச் சொன்னால் நிமிஷத்தில் முடியும். தெரியாத வேலையைச் சொன்னால் நாள் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை. பைத்தான் மாதிரி மொழியில் மாட்டிக்கொண்டால் உலகமே ஓடிவந்து பதில் சொல்லும். டிடிஎல்லில் மாட்டிக்கொண்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் ரொம்பக் கொஞ்சம். அவர்களில் பலர் அதை வைத்தே பிழைப்பவர்கள். இலவசமாக ஏன் சொல்வார்கள்?

*

சரி, இப்படி ஒரு மொழி எப்படி மலையடிவாரத்துக் கோடவுன் வரை வந்தது? நான் பி.காம். எனவே இந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்கும்.

1986. பெங்களூர். ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்து வந்தவர். தன் கணக்கைப் பார்க்க உருப்படியாக ஒரு சாஃப்ட்வேர் இல்லை என்று அலுத்துக்கொள்ள, கணிதம் படித்த மகன் பரத் கோயங்கா எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்கு அப்போது பியூட்ரானிக்ஸ் என்று பெயர். 1999-ல்தான் டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. 2020-ல் பரத் கோயங்காவுக்கு பத்மஸ்ரீ.

இதில் கவனிக்க வேண்டியது, அப்பா வியாபாரி என்பது. அந்தக் காலத்துக் கணக்கு சாஃப்ட்வேர்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கோடு நம்பர் கொடுக்க வேண்டும். முருகன் ஸ்டோர்ஸ் என்றால் 1047. கணக்குப்பிள்ளை அதை மனப்பாடம் செய்ய வேண்டும். டேலி அந்த நம்பரைத் தூக்கிக் கடாசியது. முருகன் ஸ்டோர்ஸா, முருகன் ஸ்டோர்ஸ் என்றே அடி. கணக்குப்பிள்ளைகள் விழுந்த இடம் இதுதான்.

அடுத்தது, சொற்கள். டேலியில் சரக்கு வைக்கிற இடத்துக்கு 'கோடவுன்' என்றே பெயர் வைத்தார்கள். வேர்ஹவுஸ், டெப்போ என்று வெள்ளைக்காரத்தனமாக எதுவும் இல்லை. போடியில், ஈரோட்டில், விருதுநகரில் வியாபாரி வாயில் என்ன சொல் இருக்கிறதோ அது திரையில் இருந்தது. டிடிஎல்லிலும் அப்படித்தான். அந்த மொழி எடுத்து ஆளுகிற பொருட்களின் பெயர்கள் லெட்ஜர், வவுச்சர், ஸ்டாக் ஐட்டம். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் தாய்மொழி. மற்ற கம்ப்யூட்டர் மொழிகள் என்னை மிரட்டியபோது டிடிஎல் மட்டும் "வாங்க, உங்க ஊர்ல மழையா?" என்று விசாரித்த மாதிரி இருந்தது.

மூன்றாவது, மாணவர்கள். நான் கல்லூரி முடித்த 2000-களின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலி படித்தேன். எட்டுப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். டேலியில் எஜுகேஷனல் மோட் என்று ஒன்று உண்டு. காசு கொடுக்காமல் பழகலாம். ஆனால் மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வரவு செலவு எழுத முடியும். நாங்கள் செய்த வியாபாரமெல்லாம் ஒன்றாம் தேதி கொள்முதல், இரண்டாம் தேதி விற்பனை, முப்பத்தொன்றாம் தேதி சம்பளம். நடுவில் இருபத்தெட்டு நாளும் கடைக்கு லீவு! சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் இதைவிடக் கெட்டிக்கார மார்க்கெட்டிங்கை நான் பார்த்ததில்லை. பழகுவதற்குப் போதும், கடை நடத்தப் போதாது. பழகியவன் வேலைக்குப் போன இடத்தில் முதலாளியிடம் "டேலி வாங்கிடலாம் சார், எனக்குத் தெரியும்" என்பான். சம்பளம் கொடுக்காமலே ஊருக்கு ஊர் சேல்ஸ்மேன். "டேலி தெரியுமா?" என்பது இன்டர்வியூ கேள்வியாகவே ஆகிவிட்டது.

இந்த மூன்றிலும் டிடிஎல் எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை. அதுதான் விஷயம். "புதிய மொழி, அபார மொழி" என்று யாரும் அதைத் தலையில் சுமந்து விற்கவில்லை. டேலி கடைக்குள் போனது. டிடிஎல் அதன் சட்டைப்பையில் உட்கார்ந்து கூடவே போனது. வியாபாரி "எனக்கு இப்படி ஒரு பில் வேணும்" என்று கேட்ட அன்றைக்குத்தான் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

*

இது டேலியின் அதிர்ஷ்டம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியின் எஸ்ஏபி கம்பெனி பெரிய பெரிய ஆலைகளுக்குச் சாஃப்ட்வேர் விற்கிறது. அதற்குள் அபாப் என்று ஒரு மொழி. அதுவும் ரிப்போர்ட் தயாரிப்பதற்காகப் பிறந்ததுதான். அதை மட்டும் நம்பிச் சென்னையிலும் பெங்களூரிலும் எத்தனையோ பேர் வீடு கட்டியிருக்கிறார்கள். யாரும் அபாப்பின் அழகைப் பார்த்து அதை வாங்கவில்லை. எஸ்ஏபி வாங்கினார்கள், அபாப் வந்தது.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? ஜோஹோ. 2006-ல் ஜோஹோ கிரியேட்டர் என்று ஒரு சரக்கு கொண்டுவந்தார்கள். அதற்குள் டெலூஜ் என்று சொந்தமாக ஒரு மொழி. இன்று அவர்களுடைய சிஆர்எம், புக்ஸ் என்று பலவற்றிலும் அது புகுந்துவிட்டது. போடியிலிருந்து தெற்கே போனால் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது. உலகத்துக்கே சாஃப்ட்வேர் விற்கிற ஒரு தமிழ்நாட்டுக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் மொழி உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் இருப்பதுதான் அதன் வெற்றி.

இன்னொன்று சித்தப்பாவின் சட்டைப்பையிலேயே இருந்தது. ஏலம் நடக்கிற நாளில் அவருக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் வாட்ஸ்அப் வந்துகொண்டிருக்கும். ஸ்பைசஸ் போர்டு 2007-ல் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் கொண்டுவந்தது. கூவி ஏலம் கேட்ட காலம் போய், வியாபாரிகள் சாம்பிளைக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டு பட்டனைத் தட்டுகிறார்கள். போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிற ஏலத்தின் ரேட், ஏலம் முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிடும். அந்த வாட்ஸ்அப்பின் சர்வர்கள் ஓடுவது எர்லாங் என்ற மொழியில். சுவீடனின் எரிக்ஸன் கம்பெனியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் 1986 வாக்கில் ஆரம்பித்தது. 2014-ல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, 45 கோடிப் பேர் உபயோகித்த அந்தச் சமாசாரத்தை நடத்தியது ஐம்பத்துச் சொச்சம் ஊழியர்கள்தான். மொழி அவ்வளவு கெட்டி. ஆனால் சித்தப்பாவிடம் எர்லாங் என்று சொன்னால், "எந்தத் தேயிலைக் கம்பெனி அது?" என்பார்.

எனவே விதி ஒன்று: மொழி விற்காது. அது ஏறி வருகிற சரக்குதான் விற்கும்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் மனசு கஷ்டப்படுத்தும் விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழிலேயே ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. பெயர் எழில். முத்து அண்ணாமலை உருவாக்கியது. 2009-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. 2013-ல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். திரையில் காட்டு என்பதற்கு 'பதிப்பி'. முடிப்பதற்கு 'முடி'. எனக்கு ரொம்பப் பிடித்தது, நிபந்தனையை முன்னால் எழுதிவிட்டுப் பின்னால் 'ஆனால்' போடுகிற ஏற்பாடு. ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னால் வரும். எழில் தமிழ் வாக்கியம் போகிற வழியிலேயே போகிறது. யோசித்துச் செய்த வேலை.

அப்புறம் ஏன் அது கடைக்கு வரவில்லை? முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருவது அதன் நோக்கமே இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் ப்ரோகிராமிங் பழகுவதற்காகச் செய்தது. அதைத் தோல்வி என்று சொல்பவர்கள், ஆனா ஆவன்னா புத்தகத்தைப் பார்த்து "இதில் ஏன் கதை இல்லை?" என்று கேட்பவர்கள். என் விமரிசனம் எழில் மீது இல்லை. "தமிழில் ஒரு கம்ப்யூட்டர் மொழி வந்துவிட்டால் தமிழன் எங்கேயோ போய்விடுவான்" என்று மேடையில் முழங்குகிறார்களே, அவர்கள் மீது.

ஏனென்றால் 'பதிப்பி' என்று எழுதுவதால் மட்டும் சித்தப்பாவின் கழிவுக் கணக்கு வந்துவிடாது. அவருக்கு அந்நியமாக இருப்பது ஆங்கிலம் இல்லை. டேலி 2006-லேயே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் திரை காட்டத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அவருடைய கணக்குப்பிள்ளை இங்கிலீஷ் திரையிலேயே சௌக்கியமாக இருக்கிறார். அந்நியமாக இருப்பது, அவருடைய தொழிலைத் தெரிந்துகொள்ளாத எதுவும். லாட் தெரிய வேண்டும், மூட்டை தெரிய வேண்டும், சாம்பிள் கழிவு தெரிய வேண்டும். இவற்றைத் தெரிந்த மொழி எந்த எழுத்தில் இருந்தாலும் அவருக்கு அது தமிழ்தான். தெரியாத மொழி செந்தமிழில் இருந்தாலும் கிரேக்கம்தான்.

தமிழ்க் கம்ப்யூட்டர் மொழிக்காகப் பாடுபடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: அகராதியை மூடிவிட்டு ஒரு கோடவுனுக்குள் போய் ஒரு வாரம் உட்காருங்கள். ஏலக்காய் இல்லாவிட்டால் ஜவுளி, தீப்பெட்டி, ஆட்டோ ஸ்பேர்ஸ். யாருக்கும் தீராத ஒரு தலைவலி அங்கே இருக்கும். அதற்கு மருந்து செய்யுங்கள். மருந்துக்குள் உங்கள் மொழியை வையுங்கள்.

*

இதோடு டேலிக்கு மாலை போட்டுவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். துபாய்ப் பையன் குறுக்கே நிற்கிறான்.

மதுரையில் நான் டேலியோடு இன்னொன்றும் படித்தேன். ஃபாக்ஸ்ப்ரோ. என் வயதுக்காரர்களுக்குக் கண்ணில் நீர் வரும். 90-களில் இந்தியச் சிறுநகரங்களின் வியாபார மொழி அதுதான். நகைச்சீட்டு, ரைஸ் மில், சொசைட்டிக் கடன் என்று எல்லாம் ஃபாக்ஸ்ப்ரோவில் ஓடின. ஃபாக்ஸ் கம்பெனியை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2007-ல், இனிமேல் புது வெர்ஷன் கிடையாது என்று அறிவித்தது. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. ஃபாக்ஸ்ப்ரோ மட்டும் தெரிந்த என் சீனியர் ஒருவர் இப்போது இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கிறார். மொழியில் ஒரு கோளாறும் இல்லை. முதலாளிக்கு வேறு வேலை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது அந்த ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். போடி மீட்டர் கேஜ் லைன் மோசமான லைனா? பல தலைமுறையாக ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போனது. ஆனால் ஊரெல்லாம் அகலப்பாதை ஆன பிறகு, வேறு எந்த வண்டியும் அதன் மேல் வர முடியாது. அதன் வண்டி வேறு எங்கும் போக முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நாளில், பன்னிரண்டரை வருஷம் ஊருக்கு ரயிலே இல்லை. ஒரே கம்பெனிக்குச் சொந்தமான மொழி மீட்டர் கேஜ். ஓடுகிற வரை சுகம்.

சரக்கோடு வந்த மொழி, சரக்கு போனால் கூடவே போய்விடும். இது விதி இரண்டு.

இதிலிருந்து தப்பித்த மொழி உண்டா? உண்டு. நாம் பார்த்த அதே எர்லாங். 1998-ல் எரிக்ஸனின் ஒரு பிரிவே, புதிய வேலைகளுக்கு எர்லாங் வேண்டாம் என்று முடிவெடுத்தது. பெற்ற வீட்டிலேயே பிள்ளைக்குச் சோறு இல்லை. அந்த வருஷக் கடைசியில் மொழியை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். திறந்துவிட்டதால் பிழைத்தது. 2009-ல் வாட்ஸ்அப் ஆரம்பித்தவர்கள் அதை எடுத்துக்கொள்ள யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. பூட்டியிருந்தால் எரிக்ஸனின் பழைய எக்ஸ்சேஞ்சுகளோடு எர்லாங்கும் மெல்ல மறைந்திருக்கும்.

சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டார். "ஞள்ளானி மாதிரின்னு சொல்லு" என்றார். இடுக்கி மாவட்டம் கட்டப்பனையில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தேர்ந்தெடுத்து வளர்த்த ஏலக்காய் ரகம் ஞள்ளானி. பெரிய விளம்பரம் எதுவும் கிடையாது. தூரைப் பிரித்து நட்டால் அடுத்த தோட்டத்திலும் அதே செடி. இன்று இடுக்கித் தோட்டங்களில் பெரும்பகுதி அதுதான். கூப்பிட்டு விற்க வேண்டியதில்லை. பிரித்து நட முடிந்தால் போதும், தானே மலை ஏறிவிடும்.

டேலிக்கு என் விமரிசனம் இதுதான். செடி அருமை. விற்ற விதம் பாடப் புத்தகத்தில் வைக்க வேண்டியது. ஆனால் தூரைப் பிரித்து வேறு மண்ணில் நட வழியில்லை. டிடிஎல் தெரிந்த ஆயிரக்கணக்கான சின்ன ஊர் ப்ரோகிராமர்களின் பிழைப்பும், அவர்கள் எழுதிக் கொடுத்த திரைகளை நம்பும் கடைகளின் கணக்கும், பெங்களூரில் ஒரு கம்பெனி எடுக்கிற முடிவில் தொங்குகின்றன. அந்தக் கம்பெனி நாளைக்கே மொழியைக் கைவிடும் என்று நான் சொல்லவில்லை. 2020-ல் டேலி பிரைம் என்று புதுச் சட்டை போட்டபோதும் உள்ளே டிடிஎல்லைக் காப்பாற்றித்தான் வைத்தார்கள். ஆனால் ஃபாக்ஸ்ப்ரோ படித்தபோதும் நாங்கள் இப்படித்தான் நம்பினோம். மொழியின் இலக்கணத்தையாவது பொதுவில் விட்டு, வெளியாள் ஒருவர் டேலி இல்லாமலே அதை ஓட்டிப் பார்க்கலாம் என்ற நிலை வந்தால், அது டேலிக்கு நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. கோடவுன் சாவியை வைத்திருப்பவர்கள் அவர்கள். நான் சொல்லத்தான் முடியும்.

*

நீங்கள் வியாபாரியாக இருந்தால், உங்களால் முடிந்தது ஒன்று இருக்கிறது. டிடிஎல்லில் எழுதியதைப் படிக்கக்கூடிய எழுத்தாகவும் கொடுக்கலாம். திறந்து பார்க்க முடியாதபடி கட்டியும் கொடுக்கலாம். சித்தப்பாவிடம் இருந்தது கட்டிய பொட்டலம். ஓடும், ஒரு காலம் சேர்க்க முடியாது. பையன் வேண்டுமென்றே செய்தானா, பழக்கத்தில் செய்தானா, தெரியாது. சித்தப்பா கேட்கவில்லை என்பதுதான் உண்மை. ஏலத்தில் சாம்பிளைப் பிரித்து, முகர்ந்து, கையில் உருட்டிப் பார்க்காமல் ஒரு கிலோ எடுக்காத மனிதர், சாஃப்ட்வேரை மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காமலே வாங்கியிருக்கிறார். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த ரேட்டில் ஒரு லாட்டுக்கு ஒரு கிலோ கழிவு கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பையனாக, பெண்ணாக இருந்தால்: டிடிஎல் படியுங்கள், தப்பில்லை. தேனி, போடி மாதிரி ஊரில் உட்கார்ந்தே சம்பாதிக்கலாம். ஆனால் அதை மட்டும் படிக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அகலப்பாதை போட்டு வையுங்கள், பைத்தானோ, வேறெதுவோ. இரண்டுக்கும் முன்னால் பற்று வரவு படியுங்கள். ஃபாக்ஸ்ப்ரோ போய்விட்டது. அதில் நாங்கள் போட்ட லெட்ஜர் போகவில்லை.

கடைசியில் சித்தப்பாவின் காலம் என்ன ஆயிற்று? மதுரையிலிருந்து ஒரு பெண் வந்தார். பழையதைத் திறக்க முடியாது, மொத்தத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார். சித்தப்பா பேரம் பேசினார், பெண் அசரவில்லை. இரண்டு வாரத்தில் புதுத் திரை வந்தது, கழிவுக் காலத்தோடு.

போன வாரம் போன் செய்தார். "அந்தப் பொண்ணுகிட்ட நீ சொன்ன கோட்டைக் கேட்டு வாங்கிட்டேன்ப்பா. பென் டிரைவ்ல போட்டு பீரோவுல, பத்திரத்தோட வச்சுப் பூட்டிட்டேன்."

"ஒரு காப்பி வெளியேயும் வைங்க சித்தப்பா."

"ஏன்?"

"பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளே திரும்பி, "ஏம்மா, அந்த பீரோ சாவியை எங்கே வச்சே?" என்று அவர் குரல் கொடுப்பது கேட்டது.